சொன்னால் திட்டு விழாது என்று குழந்தைக்குத் தெரியட்டும்: பாலியல் துன்புறுத்தலிலிருந்து பிள்ளைகளைக் காக்கப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

சாதம் வடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஆறு வயதுப் பிள்ளை வந்து, "அம்மா, நான் இனிமே டியூஷன் போகல" என்கிறது. "ஹோம்வொர்க் எழுதலையா? ஒழுங்கா கிளம்பு" என்று சட்டென்று வாயில் வந்துவிடும். பேச்சு அங்கேயே முடிந்துபோகும்.

தனக்கு நடந்ததைக் குழந்தை ஒரே மூச்சில் சொல்லிவிடாது. முதலில் ஒரு சின்ன வாக்கியத்தை விட்டுப் பார்க்கும். "அந்த மாமா பிடிக்கல", "வேன்ல வேற சீட் வேணும்", "தாத்தா பக்கத்துல படுக்க மாட்டேன்" என்பதெல்லாம் அப்படிப்பட்ட வாக்கியங்கள். அதற்கு நாம் என்ன செய்கிறோம் என்று பார்த்துத்தான் அடுத்ததைச் சொல்லலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும். அதனால் அடுப்பை அணைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்து, "சரி கண்ணு, இன்னிக்குப் போக வேண்டாம். அங்க என்ன பிடிக்கல?" என்று கேளுங்கள். பத்தில் ஒன்பது முறை கணக்கு வராததுதான் காரணமாக இருக்கும். மீதி ஒரு முறைக்காகத்தான் பத்து முறையும் கேட்க வேண்டியிருக்கிறது.

கண்ணாடி டம்ளர் உடைந்தபோது அடி வாங்கிய குழந்தை, பெரிய விஷயத்தைச் சொன்னால் இன்னும் பெரிய அடி விழும் என்றுதான் கணக்குப் போடும். இந்த வழிகாட்டியில் மற்ற எதைச் செய்ய முடியாவிட்டாலும் ஒன்றை மட்டும் இன்றே ஆரம்பியுங்கள். உண்மையைச் சொன்னதற்காகத் திட்டுவதில்லை என்று வீட்டில் ஒரு வழக்கம் வையுங்கள். டம்ளருக்கும் அதே வழக்கம்தான்.

யாரிடமிருந்து காப்பது

முன்பின் தெரியாதவரிடம் மிட்டாய் வாங்காதே என்று எல்லா வீட்டிலும் சொல்லிக்கொடுக்கிறோம். அது வேண்டியதுதான், ஆனால் போதாது. 2007-இல் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், பேசிய குழந்தைகளில் 53 சதவீதத்தினர் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சொன்னார்கள். செய்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், குழந்தை நம்பியவர்கள். துன்புறுத்தப்பட்டவர்களில் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள். மகளுக்குச் சொல்வதையெல்லாம் மகனுக்கும் சொல்லுங்கள். "அவன் ஆம்பளப் பையன்தானே" என்ற அலட்சியம் துன்புறுத்துபவருக்குத்தான் வசதி.

இப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் முதல் நாளே குழந்தையைத் தொடுவதில்லை. முதலில் வீட்டுக்கு நல்லவராகிறார்கள்: பால் வாங்கி வருவார்கள், பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள், "நீங்க வேலையைப் பாருங்க, குழந்தையை நான் பாத்துக்கிறேன்" என்பார்கள். பிறகு குழந்தைக்கு மட்டும் தனியாகப் பரிசு, மொபைலில் கேம், "அம்மாகிட்ட சொல்லாத" என்று ஒரு சின்ன ரகசியம். கிச்சுக்கிச்சு, மல்யுத்தம், மடியில் உட்காரவைத்தல் என்று தொடுதலுக்குப் பழக்குவார்கள். குழந்தை அந்தச் சின்ன ரகசியத்தை வீட்டில் சொல்கிறதா என்று பார்ப்பார்கள். சொல்லவில்லை என்றால் மேலே போவார்கள். கடைசியில், "சொன்னா அம்மா உன்னைத்தான் அடிப்பாங்க" என்ற மிரட்டல். உதவி செய்பவர் எல்லோரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. உங்கள் குழந்தையோடு தனியாக இருக்கத் திரும்பத் திரும்ப வழி தேடுபவரை, நீங்கள் போட்ட விதியைச் சிரித்துக்கொண்டே மீறுபவரைக் கவனியுங்கள். "இதெல்லாம் எதுக்குங்க, நான் என்ன வெளியாளா?" என்று கோபித்துக்கொண்டாலும் விதியைத் தளர்த்தாதீர்கள்.

வயசுக்கேற்ற பாடம்

இரண்டு வயதிலேயே உறுப்புகளின் பெயரிலிருந்து ஆரம்பிக்கலாம். கண், மூக்கு, தொப்புள் என்று சொல்லிக்கொடுக்கும் அதே குரலில் ஆண்குறி, பெண்குறி, மார்பு, பிட்டம் என்று சொல்லுங்கள். "ஷேம் ஷேம்" வேண்டாம். அதைக் கேட்டு வளரும் குழந்தைக்கு அந்த இடமே அவமானம் என்று பதிந்துவிடும். அங்கே யாராவது தொட்டால் அவமானப்பட வேண்டியது தான்தான் என்று நினைத்துக்கொள்ளும். வீட்டுச் செல்லப் பெயரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. குழந்தை "என் பூவைத் தொட்டாங்க" என்று டீச்சரிடம் சொன்னால், டீச்சர் தலையில் வைத்த மல்லிகையை நினைத்துக்கொண்டு போய்விடுவார்.

மூன்று, நான்கு வயதில் நான்கு இடங்களைச் சொல்லுங்கள்: வாய், மார்பு, இரண்டு காலுக்கும் நடுவில், பிட்டம். இவற்றை யாரும் தொடக்கூடாது, பார்க்கக் கேட்கக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, தங்களுடையதைக் காட்டவும் தொடச்சொல்லவும் கூடாது. தொடாமலே நடப்பதும் துன்புறுத்தல்தான். ஆபாசப் படம் காட்டுவதும் அதில் சேரும். விதிவிலக்கையும் அப்போதே சொல்லிவிடுங்கள்: சின்னப் பிள்ளையைக் குளிப்பாட்டும்போதும், உடம்பு சரியில்லாதபோது அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் நிற்க டாக்டர் பார்க்கும்போதும் தொடலாம். டாக்டர் எதற்காகத் தொடுகிறார் என்பதைக் குழந்தையிடம் சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும். குழந்தை தானே கழுவிக்கொள்ளப் பழகியதும் அந்த வேலையை அதனிடமே விட்டுவிடுங்கள்.

"நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்" என்று சொல்லிக்கொடுப்பது வழக்கமாகிவிட்டது. "பாதுகாப்பானது, பாதுகாப்பில்லாதது" என்று சொல்வது மேல். தவறான தொடுதல் வலிக்கும் என்று குழந்தை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். துன்புறுத்துபவர் வலிக்காமல்தான் தொடங்குவார், சில சமயம் கூச்சமாகவோ சுகமாகவோகூட இருக்கும். "எனக்கே பிடிச்சுதே, அப்போ என் தப்புதானே" என்று பிள்ளை உள்ளுக்குள் குமையும். எப்படி இருந்தது என்பது கணக்கே இல்லை, எந்த இடம், யார், எதற்காக என்பதுதான் கணக்கு என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்த பாடம் நமக்குத்தான். விருந்தாளி வந்ததும் "மாமாவுக்கு ஒரு முத்தா குடு" என்று குழந்தையைத் தள்ளாதீர்கள். குழந்தை பின்வாங்கினால், "வணக்கம் சொல்லு, போதும்" என்று நீங்களே பேச்சை முடித்துவிடுங்கள். பெரியவருக்கு மனம் சங்கடப்படலாம், படட்டும். வீட்டில் தன் "வேண்டாம்" செல்லாது என்று பழகிய குழந்தைக்கு வெளியில் "வேண்டாம்" என்று சொல்ல வராது. "பெரியவங்க சொன்னா கேக்கணும்" என்பதையும் சற்றுத் திருத்திச் சொல்லுங்கள்: "பெரியவங்க சொன்னா கேக்கணும். உடம்பு விஷயத்திலயும் ரகசியம் வைக்கிற விஷயத்திலயும் மட்டும் என்கிட்ட கேட்டுட்டுத்தான்."

ரகசியத்தையும் பிரித்துக் காட்டுங்கள். பாட்டிக்குப் பிறந்தநாள் சேலை வாங்கி வைத்திருப்பது நாலு நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், அதை மறைக்கலாம். "யாருக்கும் எப்பவும் சொல்லாதே" என்று ஒரு பெரியவர் சொன்னால் அது ரகசியமே கிடையாது, அன்றைக்கே சொல்ல வேண்டும்.

ஐந்து வயதுக்கு மேல் ஒரு கையை வெள்ளைத்தாளில் வைத்து வரையச் சொல்லி, விரலுக்கு ஒருவராக நம்பும் பெரியவர்களின் பெயரை எழுதவையுங்கள். பெயரைக் குழந்தைதான் சொல்ல வேண்டும். உங்கள் அண்ணன் பெயர் வரவில்லை என்றால் அதைப் பற்றிப் பேசாதீர்கள், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவராவது வீட்டுக்கு வெளியே இருப்பவராக இருக்கட்டும். முதல் ஆள் நம்பவில்லை என்றால் இரண்டாவது ஆள், அவரும் நம்பவில்லை என்றால் மூன்றாவது ஆள் என்று சொல்லிக்கொடுங்கள். அந்தத் தாளின் கீழேயே 1098 என்று எழுதுங்கள். இந்தச் சிறார் உதவி எண்ணுக்குக் கட்டணம் கிடையாது, இரவும் பகலும் இயங்கும், குழந்தையே கூப்பிடலாம். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் சம்பந்தப்பட்டதற்கு 14417 இருக்கிறது. பல அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் புகாரை எழுதிப் போட 'மாணவர் மனசு' பெட்டியும் உண்டு.

பேசிவிட்டால் போதாது, ஒத்திகை வேண்டும். "பக்கத்து வீட்டு அண்ணா, கேம் தரேன் மொட்டை மாடிக்கு வான்னு கூப்பிட்டா என்ன பண்ணுவ?" என்று விளையாட்டுப் போலக் கேளுங்கள். சத்தமாக "வேண்டாம்" என்பது, ஓடிவருவது, வந்து சொல்வது என்று மூன்றையும் செய்துகாட்டச் சொல்லுங்கள். கூடவே, "சில நேரம் பயத்துல கத்தவே வராது, காலும் நகராது. அப்படி ஆனாலும் உன் தப்பு இல்ல. அப்புறமா சொன்னாப் போதும், எத்தனை நாள் ஆனாலும் சொல்லலாம்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். இதை விட்டுவிட்டால், ஓடி வராத பிள்ளை தான் பாடத்தில் தோற்றுவிட்டதாக நினைத்து வாயை மூடிக்கொள்ளும். மாதம் ஒரு முறை ஐந்து நிமிஷம் போதும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டிப் பயமுறுத்த வேண்டாம்.

இடங்கள்

வேனில் முதலில் ஏறி கடைசியில் இறங்கும் பிள்ளை யார் என்று கேளுங்கள். அது உங்கள் பிள்ளை என்றால், கடைசிப் பிள்ளை இறங்கும்வரை பெண் உதவியாளர் வண்டியில் இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் வழியை மாற்றச் சொல்லுங்கள். முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் உட்கார வேண்டாம் என்று குழந்தையிடம் சொல்லுங்கள்.

டியூஷன் கூடத்தில் நடக்கட்டும், கதவு திறந்திருக்கட்டும். ஒரே பிள்ளைக்குத் தனியாக ஸ்பெஷல் கிளாஸ் என்றால் வீட்டுப் பெரியவர் யாராவது அங்கே இருங்கள். நேரம் சொல்லாமல் ஒரு நாள் முன்கூட்டியே போய் நில்லுங்கள். விளையாட்டுப் பயிற்சி, பாட்டு வகுப்பு, சமய வகுப்பு எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

கல்யாண மண்டபத்தைப் பலரும் மறந்துவிடுகிறோம். முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி, ஜமுக்காளத்தில் வரிசையாகப் பிள்ளைகள் படுத்திருக்க, ஓரத்தில் யார் யாரோ வந்து படுப்பார்கள். "எல்லாம் நம்ம ஆளுங்கதான்" என்று அம்மாக்கள் காய் நறுக்கப் போய்விடுவார்கள். உங்கள் பிள்ளை உங்களுக்கும் உங்கள் நம்பிக்கைக்குரிய ஒருவருக்கும் நடுவில் படுக்கட்டும். கோடை விடுமுறைக்கு ஊருக்கு அனுப்பும்போது, ராத்திரி யாரோடு படுப்பது, குளிக்க எங்கே போவது என்பதைப் பாட்டியிடம் பேசி முடிவு செய்துவிட்டு அனுப்புங்கள். தினமும் ஒரு முறை போனில், பக்கத்தில் யாரும் இல்லாமல் குழந்தையோடு பேசுங்கள்.

செல்போனில் நடப்பதற்கு வீட்டுக் கதவு தடையில்லை. கேமில் பேசும் "அக்கா" நாற்பது வயது ஆணாக இருக்கலாம். முதலில் சாதாரண போட்டோ, பிறகு உடை மாற்றும் போட்டோ, பிறகு "இதை உன் கிளாஸ் குரூப்ல போடுவேன்" என்று போகும். போன் கூடத்தில்தான், ராத்திரி சார்ஜ் போடுவது பெற்றோர் அறையில்தான் என்று வையுங்கள். அதைவிட முக்கியம், "போட்டோ அனுப்பியிருந்தாலும் என்கிட்ட வா, போனைப் பிடுங்க மாட்டேன்" என்ற உறுதி. போன் போய்விடும் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் மிரட்டுபவனுக்கு அடிபணிகிறார்கள். மிரட்டல் வந்தால் பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் இன்னும் கேட்பார்கள். உரையாடலை அழிக்க வேண்டாம். பயனர் பெயரும் தேதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். குழந்தையின் அந்தரங்கப் படத்தை மட்டும் நீங்கள் பிரதி எடுக்கவோ யாருக்கும் அனுப்பவோ வேண்டாம், அது இருக்கும் போனை அப்படியே போலீசிடம் காட்டுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு, பெயர் சொல்லாமலும் புகார் பதியலாம். பணம் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ உடனே கூப்பிடுங்கள்.

என்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள்

நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வருவது, சிறுநீர் கழிக்க எரிச்சல், உள்ளாடையில் கறை அல்லது ரத்தம், உட்காரவும் நடக்கவும் சிரமம், குறிப்பிட்ட ஒருவரைக் கண்டால் உறைந்துபோவது, வயதுக்கு மீறிய பாலியல் பேச்சோ விளையாட்டோ, எங்கிருந்து வந்தது என்று சொல்லாத காசும் பொருளும், திடீரென்று படிப்பு சரிவது, கையைக் கீறிக்கொள்வது. இவற்றில் ஒன்றை வைத்து முடிவுக்கு வர முடியாது. சிறுநீர்த் தொற்றும் எரியும், பள்ளி மாறினாலும் படிப்பு சரியும். ஆனால் இரண்டு மூன்று ஒன்றாகச் சேர்ந்தால், அடம் என்று அடிக்கவும் பயந்திருக்கிறது என்று மந்திரிக்கவும் போகாமல் குழந்தைகள் மருத்துவரிடம் போங்கள்.

குழந்தை சொல்லிவிட்டால்

முகத்தைக் கட்டுப்படுத்துங்கள். நீங்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதால், அம்மாவை அழவைத்துவிட்டோமே என்று குழந்தை பேச்சை மாற்றும், "சும்மா சொன்னேன்" என்றும் சொல்லும். மூன்று வாக்கியம் போதும்: "நீ சொன்னது நல்லது. நான் நம்புறேன். உன் மேல தப்பே இல்ல." அப்புறம் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேளுங்கள். "ஏன் அங்க போன?", "ஏன் அப்பவே சொல்லல?" என்று கேட்காதீர்கள், அது குற்றம் சாட்டுவதாகத்தான் காதில் விழும். "அவன் இங்க தொட்டானா?" என்று நீங்களே விவரம் எடுத்துக்கொடுக்காதீர்கள். பின்னால் கோர்ட்டில் சொல்லிக்கொடுத்த கதை என்று எதிர்தரப்பு வாதிட அது இடம் கொடுத்துவிடும். "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்ய வேண்டாம். "உன்னைப் பத்திரமா வைக்க யாருக்குச் சொல்லணுமோ அவங்களுக்கு மட்டும் சொல்வேன்" என்பதே சரி.

ஒருவர் கேட்டால் போதும். அப்பா ஒரு தடவை, பாட்டி ஒரு தடவை, அத்தை ஒரு தடவை என்று விசாரிப்பது குழந்தையை அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப இழுத்துப்போவதுதான். குழந்தை சொன்ன வார்த்தைகளை அப்படியே, தேதியும் நேரமும் போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பவே கூடாது. செய்தவரைத் தேடிப்போய் அடிப்பதும் வேண்டாம். ஆள் ஊரைவிட்டு ஓடிவிடுவார், போனில் இருப்பதை அழித்துவிடுவார், உங்கள் மேல் தனி வழக்கும் வரும்.

சமீபத்தில் நடந்தது என்றால் நேரம் முக்கியம். குளிப்பாட்ட வேண்டாம், பல் துலக்க வேண்டாம், துணியைத் துவைக்க வேண்டாம். போட்டிருந்த துணியைக் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் புழுங்கி ஆதாரம் கெட்டுவிடும். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வயதுக்கு வந்த பெண்ணுக்கு அவசரக் கருத்தடை மாத்திரையும் அப்படித்தான். 72 மணி நேரம் தாண்டிவிட்டது என்றாலும், துவைத்துவிட்டோம் என்றாலும் போகாமல் இருக்காதீர்கள். சிகிச்சை எப்போதும் உண்டு, குழந்தையின் வாக்குமூலமும் ஆதாரம்தான்.

எஃப்ஐஆர் (போலீஸ் பதியும் முதல் தகவல் அறிக்கை) இருந்தால்தான் பரிசோதிப்போம் என்று மருத்துவமனை சொல்ல முடியாது. அரசு, தனியார் எதுவானாலும் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும், பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ உடனிருக்கலாம்.

புகார்

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயது நிறையாத ஆண், பெண் எல்லோருக்கும் பொருந்தும். இந்தச் சட்டப்படி, நடந்ததை அறிந்தவர் யாராக இருந்தாலும் புகார் சொல்வது கடமை. மறைத்தால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. பள்ளி போன்ற நிறுவனத்தின் பொறுப்பாளர் மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை. "பள்ளி பேரு கெட்டுடும், உள்ளயே பேசிக்கலாம்" என்று யாராவது சமாதானம் சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள். ஊர்ப் பெரியவர் முன்னால் பேசி முடிப்பதற்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. நல்லெண்ணத்தோடு சொன்ன புகார் நிரூபிக்கப்படாமல் போனாலும் சொன்னவருக்குத் தண்டனை இல்லை.

அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போகலாம், பக்கத்தில் எந்த நிலையம் இருக்கிறதோ அங்கேயும் போகலாம். "எங்க எல்லை இல்ல" என்று சொன்னாலும் பூஜ்ய எஃப்ஐஆர், அதாவது எல்லை பார்க்காமல் பதியும் எஃப்ஐஆர், போட்டுத்தான் ஆக வேண்டும். பதிவு செய்யாமல் விடும் காவலருக்கும் தண்டனை உண்டு. எஃப்ஐஆர் நகலை இலவசமாக வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தையை நிலையத்துக்குக் கூட்டிப்போக வேண்டியதில்லை. வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ, கூடியவரை சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத பெண் அதிகாரி, யூனிஃபார்ம் இல்லாமல் வந்து, நீங்கள் உடனிருக்க வாக்குமூலம் எழுத வேண்டும். ராத்திரியில் குழந்தையை நிலையத்தில் வைக்கவே கூடாது. போலீஸ் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் (குழந்தையின் பாதுகாப்பு பற்றி முடிவெடுக்கும் மாவட்ட அளவிலான அரசுக் குழு) போக்சோ வழக்குகளை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தகவல் தர வேண்டும்.

செய்தவர் வீட்டுக்குள்ளேயே இருப்பவர் என்றால் அதுதான் எல்லாவற்றிலும் கடினம். சம்பாதிப்பவர் அவராக இருப்பார், மாமியார் அழுவார், "குடும்ப மானம்" என்பார்கள். அந்த நிலையில் முதலில் 1098-ஐக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் குழந்தைகள் நலக் குழுவிடமோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரிடமோ நேராகப் போங்கள். குழந்தை அதே வீட்டில் இருக்கலாமா என்பதைக் குழு மூன்று நாளில் தீர்மானிக்க வேண்டும். குழந்தையின் சான்றிதழ்கள், ஆதார், இரண்டு செட் துணி, அது கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மை ஆகியவற்றை ஒரு பையில் எடுத்து வையுங்கள். குழந்தையின் உடனடித் தேவைகளுக்கான இடைக்கால நிவாரணத் தொகையை எஃப்ஐஆர் பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றம் வழங்கலாம், வழக்கு முடியக் காத்திருக்க வேண்டாம். இலவச வக்கீலுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, எண் 15100.

அதற்குப் பிறகான நாட்கள்

குழந்தையை வீட்டுக்குள் அடைக்காதீர்கள். பள்ளிக்குப் போகட்டும், விளையாடட்டும். நடனம், நீச்சல் என்று எதையாவது நிறுத்தினால் தனக்குத்தான் தண்டனை என்று புரிந்துகொள்ளும். பள்ளியில் ஒரே ஒரு ஆசிரியருக்குத் தெரிந்தால் போதும். பெயர், படம், பள்ளி, தெரு என்று அடையாளம் காட்டும் எதையும் பத்திரிகையும் டிவியும் வெளியிடக்கூடாது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் போட வேண்டாம் என்று சொந்தங்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். குழந்தைகள் மனநல மருத்துவரை ஒரு முறையாவது பாருங்கள். கெட்ட கனவும் கோபமும் சில மாதம் இருக்கும், திடீரென்று கைக்குழந்தை போல ஒட்டிக்கொள்ளும். அதற்குத் திட்ட வேண்டாம். எந்தச் சட்டை, என்ன டிபன், விளக்கு எரியட்டுமா வேண்டாமா என்ற சின்ன முடிவுகளை அதன் கையிலேயே கொடுங்கள். தன் உடம்பின் மேல் இல்லாமல் போன பிடிமானம் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும்.

கோர்ட்டுக்குப் போகும் நாளுக்கு முன்னால், வழக்கு நடக்கும்போது குழந்தைக்குத் துணையாக இருக்கும் சப்போர்ட் பர்சன் என்கிற துணையாளரைக் குழந்தைகள் நலக் குழுவிடம் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் முந்தின வாரமே அவரோடு போய் அறையைக் குழந்தைக்குக் காட்டிவிட்டு வாருங்கள். விசாரணை மூடிய அறையில் நடக்கும், குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படாமல் திரையோ வீடியோவோ ஏற்பாடு செய்ய வேண்டும். கேள்விகளை நீதிபதி வழியாகத்தான் கேட்பார்கள், நடுநடுவே இடைவேளை கேட்கலாம். தண்ணீர் பாட்டில், பிஸ்கட், வரைய ஒரு நோட்டும் கிரேயானும் எடுத்துப்போங்கள், காத்திருக்கும் நேரம் நீளமாக இருக்கும். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். "ஞாபகம் இல்லன்னா ஞாபகம் இல்லன்னு சொல்லு, கேள்வி புரியலன்னா புரியலன்னு சொல்லு, அழுகை வந்தா அழலாம், நான் பக்கத்துலயே இருக்கேன்" என்று மட்டும் சொல்லிக் கூட்டிப்போங்கள்.